ஒரு சிரிப்பு நீங்கலாக

நாற்பதாயிரம். இறந்துபோன ஒருத்தியின் சிரிப்புக்கு முதலில் சொல்லப்பட்ட விலை அதுதான். கேட்டவுடன் கடைசிவிலைக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பழக்கதோஷத்தில் "எழுபது" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதை விற்றுக்கொண்டிருக்கிறோம் என்று உறைத்தது. கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசிவிலைக்காரர் என்பது கடைத்தெரு வைத்த பெயர். பழைய ரேடியோ, டேப் ரிக்கார்டர், மேசை விசிறி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் அழகாக இருக்கிற கடிகாரம் என்று கடை நிறையச் சாமான். எதைக் கையில் எடுத்தாலும் "இதுதான் கடைசி விலை" என்பார். வாங்க வந்தவர் படியிறங்கினால் இன்னொரு கடைசி விலை பிறக்கும். தெருமுனைவரை போய்த் திரும்பிப் பார்ப்பவருக்கு மூன்றாவதும் உண்டு. அப்பா, தாத்தா எல்லாரும் அதே தெருவில் வாய் வளர்த்தவர்கள். தொட்டிலில் கிடந்தபோது பாலுக்கு அழுது, பாதியில் நிறுத்தி, என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டு மீதியை அழுத பிள்ளை என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு.

விலை சொன்னவர் திரைப்படக் காப்பகத்தின் காப்பாளர். கூடவே, ஹெட்போனைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஒலிப்பதிவுக்காரப் பெண் ஒருத்தி. ஒரு பழைய படத்தைத் தூசி தட்டித் திரும்பத் திரையிடுவது அவர்கள் வேலை. அணுகுண்டுப் போரைக் கிண்டல் செய்த படம். படம் வந்த காலத்தில் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இப்போது கடைசி ரீலின் படம் இருக்கிறது, ஒலி அழுகிப்போய்விட்டது. உலகத்திலேயே அந்த ரீலின் சத்தம் மிச்சமிருப்பது கடைசிவிலைக்காரரின் இரும்புப் பெட்டிக்குள், ஒரு கேசட்டில்.

கேசட் வந்த கதை அவருடைய சிக்கனத்தின் கதை. கல்யாணமான மறு வருஷம் மனைவியைப் படத்துக்குக் கூட்டிப்போனார். அவள் வயிற்றில் ஏழு மாதம். "உள்ள இருக்கறவருக்கும் டிக்கெட் கேப்பாங்களோ?" என்று வாசலில் அவள் கேட்டதற்கு, "கேட்டா பாதி விலை பேசிக்கலாம்" என்றார். மூன்று பேருக்கு இரண்டு டிக்கெட், அது முதல் லாபம். சாப்பாட்டுப் பைக்குள் ஒரு டேப் ரிக்கார்டரை வைத்து, படத்தின் ஒலி முழுவதையும் பதிந்துகொண்டது இரண்டாவது லாபம். ஒரு டிக்கெட்டில் ஆயுசுக்கும் படம் கேட்கலாமே.

படத்தின் கதை இதுதான். ஒரு நாட்டின் தளபதி, குண்டுப் பெட்டியின் சாவியைப் பேன்ட் பையில் மறந்துவிட்டுச் சலவைக் கடைக்குப் போட்டுவிடுகிறார். சலவைக்காரன் ரசீது இல்லாமல் துணி தர மாட்டேன் என்கிறான். தளபதி கெஞ்சுகிறார், மந்திரி மிரட்டுகிறார், எதிரி நாட்டுத் தூதர்கூட வந்து "அவருக்குக் குடுத்துடப்பா, நாங்க காத்துட்டு இருக்கோம்" என்கிறார். சலவைக்காரன் மசியவில்லை. ஒரு ரசீதுச் சட்டத்தால் உலகம் பிழைத்துக் கிடக்கிறது. கடைசி ரீலில் அபாயச் சங்கு ஊதுகிறது, தளபதியின் தொப்பிக்குள்ளிருந்து ரசீது விழுகிறது. சலவைக்காரன் சரிபார்த்துப் பேன்ட்டைக் கொடுத்துவிட்டு, "இன்னொரு பேன்ட் செவ்வாய்க்கிழமைதான் ரெடியாகும்" என்கிறான். தளபதி சாவியை எடுத்துக்கொண்டே, "பரவாயில்ல, செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்கிறார்.

கொட்டகை கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரித்தது. அது கேசட்டில் இருக்கிறது. சிரிப்பு ஓய்ந்ததும் அவர் மனைவி "என்ன சொன்னான்?" என்று கேட்பதும், அவர் "செவ்வாய்க்கிழமைன்னு ஒண்ணு இருக்காதே, அத்தன பேரும் போயிடுவாங்களே" என்று கிசுகிசுப்பதும் இருக்கிறது. பிறகு ஒரு மூச்சு இழுப்பு. பிறகு அவள் சிரிப்பு. எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, தன்னந்தனியாக. இறுகிப்போன இழுப்பறையைத் திறக்கிற மாதிரி ஒரு கீச்சுடன் தொடங்கி, திறந்த பிறகு உள்ளே இருப்பதெல்லாம் சிந்துகிற சிரிப்பு. அவளுக்கு எந்த நகைச்சுவையும் நேரத்துக்கு வந்து சேராது. வந்து சேர்ந்தால் வட்டியோடு வரும். அதைக் கேட்டுக் கொட்டகையே இரண்டாம் தடவை சிரித்தது.

அதற்கப்புறம் அந்த வசனம் வீட்டில் புழங்கத் தொடங்கியது. பால் பாக்கி, வாடகை பாக்கி, மாமியாருக்கு எழுத வேண்டிய கடிதம், எதைக் கேட்டாலும் "செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்பாள். பிரசவ அறை வாசலில் அவளுடைய வளையலையும் செருப்பையும் கழற்றி அவர் கையில் கொடுத்தார்கள். சக்கரக் கட்டிலில் படுத்தபடி அவற்றைப் பார்த்து, "பத்திரமா வெச்சுக்கோங்க. செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கறேன்" என்றாள். கதவு சாத்திக்கொண்டது. பிள்ளை வெளியே வந்தது. அவள் வரவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கேசட்டை ஓட்டி ஓட்டிக் கேட்டார். ஒரு நாள் அந்தக் கீச்சு சற்று மங்கியிருப்பதாகப் பட்டது. டேப் ரிக்கார்டர் விற்கிறவருக்குத் தெரியாததா? ஒரு தடவை ஓடினால் ஒரு தடவை தேயும். அன்றைக்கு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்தான். மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டாள். "அப்புறம் போடறேன்மா, தேஞ்சுடும்" என்றார். இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு அவளும் விட்டுவிட்டாள். இப்போது அவளுக்கே இரண்டு பிள்ளைகள். கண்ணாடிக் கடையில் ஊராருக்குப் பார்வை பரிசோதிக்கிறாள். அம்மாவின் சிரிப்பை மட்டும் இன்னும் கேட்டதில்லை.

அதனால்தான் காப்பாளர் வந்ததும் கடைசிவிலைக்காரருக்கு அந்த யோசனை வந்தது. வீட்டு மூலையில் பெட்டிக்குள்ளிருந்து கேட்டால் மகள் அழுவாள். கொட்டகையில், விளக்கணைத்து, நூறு பேர் சிரிக்கிறபோது கூடவே கேட்டால், அவளும் சிரிப்பாள். அம்மாவும் பெண்ணும் சேர்ந்து ஒரு தடவை சிரிக்கட்டுமே.

"வசனம் மட்டும் எங்களுக்குப் போதும் ஐயா," என்றார் காப்பாளர். "சத்தமெல்லாம் எடுத்துடுவோம்."

"எது சத்தம்?"

"ஜனங்க சிரிக்கறது, இருமறது, பக்கத்துல யாரோ குசுகுசுன்னு பேசறது..."

"அந்த யாரோ நான்தாங்க."

ஒலிப்பதிவுக்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசிவிலைக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். பேரம் தொடங்கிவிட்டது.

"சிரிப்ப எடுக்கக்கூடாது."

"கடைசி ரீல்ல மட்டும் திடீர்னு ஊரே சிரிச்சா பார்க்கறவங்களுக்குக் குழப்பமா இருக்கும் ஐயா. அவங்க சிரிப்ப அவங்களே சிரிக்கட்டும்."

"சரி, பாதி வெச்சுக்கோங்க."

"சிரிப்புல பாதின்னா எப்படி?"

"சரி விடுங்க. ஒண்ணு. ஒரே ஒண்ணு. கடைசியில ஒரு பொம்பள தனியா சிரிப்பா, அது மட்டும் இருக்கணும். மத்த சிரிப்பு, என் பேச்சு, இருமல், எல்லாம் தள்ளுபடி. எழுபதும் வேணாம், நாப்பதும் வேணாம். முப்பது குடுங்க. இதுதான் கடைசி விலை."

வாங்குகிறவர் கேட்காமலே அவர் விலை இறக்கியது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. காப்பாளர் ஒலிப்பதிவுக்காரியைப் பார்த்தார். அவள் கேசட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடாவெல்லாம் பூஞ்சை.

"ஒரு தடவ ஓடும்னு நினைக்கறேன் சார். ரெண்டாவது தடவ சொல்ல முடியாது. ஏன் இத்தன நாள் போடாமலே வெச்சிருந்தீங்க?"

"தேஞ்சுடும்னு."

அவள் கேசட்டை ஓர் உறைக்குள் பத்திரமாக வைத்தாள். பிறகு கதவருகே நின்று, "இந்தப் படத்துல ஒவ்வொரு ஜோக்குக்கும் அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா விட்டிருக்காங்க சார்," என்றாள். "ஜனங்க சிரிச்சு முடிக்கட்டும்னு நடிகருங்க முகத்த அப்படியே வெச்சுட்டு நிக்கறாங்க. இன்னிக்கு எப்படி இருக்கும்னு எனக்கும் பார்க்கணும்."

"நல்ல சரக்கும்மா அது. இன்னிக்கும் போகும்," என்றார் கடைசிவிலைக்காரர்.

அந்தப் பேரம் நடந்தபோது எல்லையில் தகராறு என்பது செய்தித்தாளின் உள்பக்கத்தில் இருந்தது. படம் தயாராகித் திரையிடும் நாள் குறிப்பதற்குள் அது முதல் பக்கத்துக்கு வந்து, முதல் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டது. எல்லார் கைப்பேசியும் ஒரு பகல் வேளையில் ஒரே நேரத்தில் அலறி, 'இது ஒத்திகை மட்டுமே' என்றது. தண்ணீர்ப் புட்டிகள் கடைகளில் காணாமல் போயின. மருமகன் பிள்ளைகளோடு தொலைவில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்து. படம் சனிக்கிழமை.

"நீங்களும் வாங்கப்பா," என்றாள் மகள்.

"கடைய யாரு பார்த்துப்பா?"

"கடைக்கு யாருப்பா வரா? போன வாரம் என்ன வித்தீங்க?"

"பேட்டரில ஓடற ரேடியோ. இருந்த எல்லாம் போச்சு." பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கும்போது ஏன் போயின என்று இருவருக்கும் நினைவு வந்தது.

சனிக்கிழமை மாலை அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மூட்டை கட்டுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தாள்; முழங்கையில் ஒட்டுநாடாத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை அவர். "ஒரு படம், அம்மாவும் நானும் பார்த்தது. கடைசி வரைக்கும் இருக்கணும்," என்றார், அவ்வளவுதான். நுழைவாயிலில் கழிப்பறைக்கு வழி காட்டும் அம்புக்குறிக்குக் கீழே புதிதாக இன்னொன்று ஒட்டியிருந்தார்கள், அடித்தளத்துக்கு வழி என்று. பாதி இருக்கைகள் நிறைந்திருந்தன. வந்தவர்கள் உட்காருவதற்கு முன் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். காப்பாளர் மேடையேறி, இந்தப் படம் இன்றைக்கும் எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று நீங்களே பாருங்கள் என்றார்.

படம் தொடங்கியது. முதல் நகைச்சுவை. தளபதி முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார், சிரித்து முடியுங்கள் என்பதுபோல. எங்கேயோ ஒருவர் இருமினார். தளபதி இன்னும் நின்றார். கடைசிவிலைக்காரர் பக்கவாட்டில் மகளைப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பரிசோதனைக்கு வந்தவருக்குக் கடைசி வரி எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிற முகத்தோடு.

திரையில் மந்திரி வந்தார். "போர் நடக்கும். ஆனா பொதுமக்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது," என்றார். அந்தக் காலத்தில் இந்த இடத்தில் ஜனங்கள் இருக்கையின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி தன் கணவனிடம், "இதத்தான் இன்னிக்குக் காலையில டிவில சொன்னாங்க," என்றாள். மந்திரி காத்திருந்தார். யாரும் எதுவும் தரவில்லை. ஒவ்வொரு இடைவெளியும் அப்படியே திறந்து கிடந்தது, வாங்க ஆளில்லாத கடை மாதிரி. சரக்கு கொஞ்சமும் கெடவில்லை. வசனம் புதுசு, மந்திரி புதுசு, தளபதியின் பொத்தான்கூடப் புதுசு. எல்லாம் நேற்று எடுத்த மாதிரிதான் இருந்தது. அதுதான் கோளாறு.

கடைசி ரீல் வந்தது. கடைசிவிலைக்காரர் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். திரையில் சங்கு ஊதியது. உடனே கொட்டகைக்குள் சிறுசிறு வெளிச்சங்கள் முளைத்தன. ஜனங்கள் கைப்பேசியை எடுத்து, ஊதுவது படமா வெளியேயா என்று பார்த்தார்கள். மகளும் எடுத்தாள். பார்த்துவிட்டு மூச்சை விட்டு உள்ளே வைத்தாள். அந்த வெளிச்சத்தில் அத்தனை முகமும் கீழிருந்து நீலமாகத் தெரிந்தது.

ரசீது விழுந்தது. பேன்ட் கைமாறியது. "பரவாயில்ல, செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கறேன்," என்றார் தளபதி.

அமைதி. ஊர் சிரித்து முடிக்கத் தேவையான நீள அமைதி. ஊர் இல்லை.

பிறகு ஒரு மூச்சு இழுப்பு. பிறகு அவள் சிரித்தாள்.

தாம் விற்றது என்ன, விட்டுக்கொடுத்தது என்ன என்று அந்த நொடியில் கடைசிவிலைக்காரருக்கு விளங்கியது. கொட்டகை முழுவதும் சிரித்து ஓய்ந்த பின்னால் வால்போல வந்த வெகுளிச் சிரிப்பு அது. இப்போது அதற்கு முன்னால் ஊரும் இல்லை, "என்ன சொன்னான்?" என்ற கேள்வியும் இல்லை, அவருடைய பதிலும் இல்லை. பின்னால் எழுந்த இரண்டாம் சிரிப்பும் இல்லை. உலகம் முடிவதைப் பார்த்து ஒரு பெண் தனியாக, நெஞ்சு நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாச் சிரிப்பையும் தள்ளுபடி செய்து இந்த ஒன்றை வாங்கியிருந்தார்.

"யாருய்யா அது?" என்றது ஒரு குரல். "இந்த நேரத்துல சிரிப்பு கேக்குதா?"

"வெக்கமா இல்ல?" என்றது இன்னொன்று.

தலைகள் திரும்பின. அக்கம்பக்கத்து இருக்கைகளில் இருந்த பெண் அவர் மகள் ஒருத்திதான். அவளை முறைத்தார்கள். அவள் உதட்டை இறுக்கி மூடியபடி, இல்லை என்று தலையாட்டினாள். அவள் வாய் மூடியிருக்க, அவள் குரல் மாதிரியே ஒரு குரல் மேலே சிரித்துக்கொண்டிருந்தது. தலையாட்டல் நின்றது. மெதுவாக அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

கடைசிவிலைக்காரர் எழுந்து நின்றார். "இவ இல்லீங்க," என்றார். "இவ அம்மா."

"உக்காருய்யா, மறைக்குது!"

உட்கார்ந்தார். திரையில் வெள்ளை வெளிச்சம் பரவிப் படம் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. காப்பாளர் கலந்துரையாடலுக்கு மைக்கோடு வருவதற்குள் பாதிப் பேர் வாசலில் இருந்தார்கள்.

நடைகூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றாள் மகள். கண்ணீர் ஒழுகியதே தவிர அழுகிற சத்தம் வரவில்லை.

"அது அம்மாவாப்பா?"

"ஆமாம்மா."

"எதுக்குச் சிரிச்சாங்க? என்ன சொன்னான் அவன்?"

அதே கேள்வி, அதே குரல். அன்றைக்குச் சொன்ன பதிலையே சொன்னார். "செவ்வாய்க்கிழமைன்னு ஒண்ணு இருக்காதேம்மா. அத்தன பேரும் போயிடுவாங்களே."

காத்திருந்தார். மூச்சு இழுப்பு வரவில்லை.

"இதுக்கா?" என்றாள்.

"அப்போ வேடிக்கையாதான் இருந்துச்சும்மா. எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மா எல்லாருக்கும் கடைசி. நீ அவ வயித்துக்குள்ள இருந்தே. உன்னையும் சேர்த்துத்தான் குலுங்குச்சு." கண்ணாடியைக் கழற்றினார். "உனக்குத் தனியா கேக்கக்கூடாதுன்னு நெனச்சேன். நானே தனியாக்கிட்டேன்."

அவள் புறங்கையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். முழங்கையிலிருந்த ஒட்டுநாடாத் துண்டு அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

ஒலிப்பதிவுக்காரி அவர்களைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு உறை. "சார், நீங்க எழுந்து நின்னதப் பார்த்தேன். பதிவெடுக்கறப்ப, கேசட் ஓடி முடியற நேரத்துல நாடா அறுந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க. ஆனா சத்தத்தத் துடைக்கறதுக்கு முன்னாடி இருந்தத முழுசா தனியா எடுத்து வெச்சேன். ஜனங்க சிரிக்கறது, அவங்க கேக்கறது, நீங்க சொல்றது, எல்லாமே இதுல இருக்கு." உறைக்குள் அறுந்த கேசட்டும், நகத்தளவு பென் டிரைவ் ஒன்றும் இருந்தன. "இது எத்தன தடவ போட்டாலும் தேயாது சார்."

தேயாது என்ற சொல்லை அவர் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். தொழிலில் கேள்விப்படாத சொல்.

பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். எல்லார் கையிலும் பெரிய பை. மகள் வீட்டுப் பக்கம் போகும் பேருந்து திருப்பத்தில் தெரிந்ததும் அவர் உறையைத் திறந்து பென் டிரைவை எடுத்தார். பூட்டி வைத்தே பழகிய கை சற்றுத் தயங்கியது. பிறகு அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினார்.

"புள்ளைங்களுக்கும் போட்டுக் காட்டு. சத்தமா வை."

"உங்களுக்குப்பா?"

"நான் கேட்டிருக்கேன்." ஆனாலும் வளர்ந்த வளர்ப்பு விடவில்லை. அவள் படியில் கால் வைக்கும்போது சட்டென்று, "எப்ப திருப்பித் தருவே?" என்று கேட்டுவிட்டார்.

படியில் நின்றபடி திரும்பினாள். அழுது வீங்கிய முகத்தில், அப்பாவைச் சிரிக்கவைத்துவிட்டுப் போகலாமே என்கிற ஒரு கோணல். பிரசவ அறை வாசல் அவளுக்குத் தெரியாது. அவர் யாருக்கும் சொன்னதில்லை. படத்தில் கேட்டதைத்தான் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை வந்து தரேன்."

கதவு சாத்திக்கொண்டது. பேருந்து நகர்ந்தது. அவர் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். பேருந்து திருப்பத்தைக் கடந்து, அதன் சத்தமும் ஓய்ந்த பிறகு, நெஞ்சுக்குள் ஒரு மூச்சு இழுத்தது. இறுகிப்போன இழுப்பறை ஒன்று கீச்சிட்டுத் திறந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் முறைத்தார்கள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணைத் துடைத்துத் துடைத்து, நிறுத்த முடியாமல்.

கடைக்குத் திரும்பி, விளக்கைப் போட்டு, வழக்கப்படி நாள்கணக்கை மனதுக்குள் கூட்டினார். விற்றது, ஒரு கொட்டகைச் சிரிப்பு. வாங்கியது, ஒரு சிரிப்பு. அதையும் கைமாற்றாகக் கொடுத்தாயிற்று. கையிருப்பு, அறுந்த நாடா ஒன்று, ஒரு ஜோடி வளையல், ஒரு ஜோடி செருப்பு. வர வேண்டிய பாக்கி, செவ்வாய்க்கிழமை இரண்டு. ஒன்று பழைய பாக்கி, இனி வசூலாகாது. மற்றதை அவர் தள்ளுபடி செய்யவில்லை.